முன்னால் நிற்பவள்

காலை ஆறே முக்கால் மணிக்குச் சின்னவள் யாரோ ஒருவருடைய அறைக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள். அறை எண் அறுநூற்றுப் பதினான்கு. கதவைத் திறந்தவர் பனியனோடு, ஒரு கன்னத்தில் மட்டும் சவர நுரையோடு நின்றார். சின்னவள் அவருடைய தோளைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, "அக்கா எங்கே?" என்றாள்.

காபி வாங்கப் போன தங்கையை இருபது நிமிடமாகக் காணவில்லை என்று தேடி வந்த பெரியவள், தாழ்வாரத்தின் மறுகோடியில் நின்று இதைப் பார்த்தாள். ஓடி வந்து அந்த மனிதரிடம் மன்னிப்புக் கேட்டாள். தங்கையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள்.

"ஏன்டி, அந்த மனுஷன் பயந்தே போயிட்டாரு."

"நான் மட்டும் என்னவாம்? ஒரே ராத்திரியில அக்காவுக்கு மீசை முளைச்சிருச்சேன்னு பார்த்தேன்."

இருவரும் சிரித்தார்கள். லிஃப்டுக்குள் நுழைந்த பிறகும் சிரிப்பு ஓயவில்லை. கதவு மூடிக்கொண்டது. லிஃப்ட் நகரவில்லை. சின்னவள் பொத்தான்களுக்கு நேராக நின்று அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதை அமுக்க வேண்டும் என்று யாரோ வந்து சொல்வார்கள் என்பதுபோல. பெரியவள் கையை நீட்டி நான்கை அமுக்கினாள். அதன்பிறகு அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அறுநூற்றுப் பதினான்கு போன வாரம் வேறொரு நாட்டில், வேறொரு ஓட்டலில் அவர்கள் தங்கிய அறை.

அன்று அவர்களுக்குப் பெண்கள் இரட்டையர் இறகுப்பந்து அரையிறுதி. வென்றால் உலகப் போட்டிக்கான கடைசி இடம் அவர்களுக்கு. ஐந்து வாரத்தில் ஐந்து ஊர், இருபத்து மூன்று ஆட்டம். பதினோரு ஆண்டுகளாக இருவரும் சேர்ந்து ஆடுகிறார்கள். குழுவில் யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை, பெரியவள், சின்னவள்தான். பெரியவள் பின்னால் நின்று ஸ்மாஷ் அடிப்பாள். சின்னவள் வலைக்குப் பக்கத்தில் நின்று, திரும்பி வருவதையெல்லாம் பொறுக்கிப் போடுவாள். பெரியவளின் ஸ்மாஷ் ராக்கெட்டை விட்டுக் கிளம்பும்போது மணிக்கு முன்னூறு கிலோமீட்டரைத் தொடும். அது தங்கையின் காதுக்கு ஒரு சாண் தள்ளிப் போகும். சில சமயம் அரைச் சாண்.

அதனால் இந்த ஆட்டக்காரர்களுக்கு ராக்கெட் பிடிக்கக் கற்றுக்கொடுக்கும் முதல் வாரத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுவார்கள். முன்னால் நிற்பவள் திரும்பக்கூடாது. பின்னால் என்ன நடந்தாலும் சரி. கூட்டாளி விழுந்தாலும் சரி. ஷட்டில் வலையைத் தாண்டும்வரை கண் எதிரிகள் மேல்தான் இருக்க வேண்டும். திரும்பினால் சொந்தக் கூட்டாளியின் அடி சொந்த முகத்தில் விழும்.

அவர்களுடைய பயிற்சிக்கூடத்தில் ராக்கெட்டுக்கு நரம்பு கட்டும் பெண் ஒரு காலத்தில் இவர்களோடு ஆடியவள். அவளும் முன்னால் நிற்பவள்தான். ஒரே ஒரு முறை திரும்பினாள். இப்போது இடது பக்கமாகத் தலையைச் சாய்த்து, இருக்கிற ஒரு கண்ணால் நரம்பின் முடிச்சைப் பார்த்துக் கட்டுகிறாள். "ஏன் திரும்பினேன்னு எல்லாரும் கேக்குறாங்க," என்று ஒருநாள் பெரியவளிடம் சொன்னாள். "திரும்பினதே எனக்குத் தெரியாதுன்னா யாரு நம்புறா?"

போன வாரம் சின்னவள் திரும்பினாள். ஷட்டில் அவளுடைய காதை உரசிச் சிவப்பாய்க் கோடு போட்டுவிட்டுப் போனது. பயிற்சியாளர் எதிரணியின் பலவீனத்தைக் குறித்துக்கொண்டிருந்ததால் பார்க்கவில்லை. சின்னவளோ, எதிரி அடித்த ஷட்டில் பட்டுவிட்டது என்றே இன்றுவரை நினைத்துக்கொண்டிருந்தாள். பெரியவள் மட்டும்தான் அந்த முகத்தைப் பார்த்தாள். யாரோ கூப்பிட்டது போலத் திரும்பிய, ஒன்றும் எழுதாத பலகை போன்ற முகம்.

அதை யாரிடமும் அவள் சொல்லவில்லை. சொல்ல முடியாமல் போனதற்கு ஒரு காரணம் இருந்தது.

குழுவோடு ஒரு பெண் டாக்டர் வந்திருந்தார். தினமும் காலையில் ஒவ்வொரு அறைக்கும் ஒரு டேப்லெட்டைக் கொடுத்தனுப்புவார். திரையில் பச்சைப் புள்ளி தோன்றினால் தொட வேண்டும், சாம்பல் புள்ளி தோன்றினால் தொடக்கூடாது. நான்கு நிமிடம், அவ்வளவுதான். உடம்பு களைத்தால் இதயத் துடிப்பில் தெரிந்துவிடும். மூளை களைத்தால் இதில்தான் தெரியும் என்பார். ஆட்டக்காரர்கள் அதைப் புள்ளிக்கோலம் என்று கிண்டல் செய்தார்கள். மூன்று நாள் முன்பு சின்னவள் போர்வைக்குள் இருந்தபடியே, "அக்கா, எனக்கும் சேர்த்து நீயே அமுக்கிடு. அந்தப் பச்சையைப் பார்த்தாலே குமட்டுது," என்றாள். பெரியவள் அமுக்கினாள். மறுநாளும் அமுக்கினாள். முதலில் தங்கைக்கு, அப்புறம் தனக்கு.

"சின்னவளுக்கு மூளை கத்தி மாதிரி இருக்கு," என்றார் டாக்டர் நேற்று, எண்களைப் பார்த்துக்கொண்டே. "உனக்குத்தான் கொஞ்சம் மழுங்குது. ராத்திரி தூங்குறியா இல்லையா?"

"ஒரே புள்ளிய எத்தனை தடவ பாக்குறது டாக்டர்? அலுத்துப் போச்சு," என்றாள் பெரியவள். அது உண்மை என்றுதான் அவளும் நினைத்தாள்.

இன்று காலையும், லிஃப்டிலிருந்து வந்தபிறகு, இரண்டு பேருக்கும் அவளேதான் அமுக்கினாள்.

பதினொரு மணிக்குத் தொடங்க வேண்டிய ஆட்டம் பிற்பகல் மூன்று மணிக்குத்தான் தொடங்கியது. முந்தைய ஆட்டங்கள் இழுத்துக்கொண்டே போயின. காத்திருக்கும் அறையில் ஜன்னல் கிடையாது. வெள்ளைச் சுவர், பிளாஸ்டிக் நாற்காலிகள், மூலையில் ஓயாமல் முனகும் குளிர்பெட்டி. சுவரில் இருந்த திரையில் கோர்ட்டில் நடப்பது தெரிந்துகொண்டிருந்தது. பார்க்காமலும் இருக்க முடியாது, பார்த்தாலும் பயனில்லை. இருவரும் மூன்று முறை உடம்பைச் சூடாக்கினார்கள், மூன்று முறையும் ஆறிப்போனது. பயிற்சியாளர் ஒவ்வொரு அரை மணிக்கும் வந்து எதிரணியின் வீடியோவைக் காட்டினார். நெட்டச்சி இடது பக்கம் தடுமாறுவாள், குட்டச்சி சர்வீஸுக்கு முன்னால் மூச்சை இழுப்பாள், அதைப் பாருங்கள், இதை மறக்காதீர்கள் என்றார்.

"மாஸ்டர், தலையில இடம் இல்ல," என்றாள் சின்னவள். "பழசை ஏதாவது அழிச்சாத்தான் புதுசு ஏறும்."

"எதை வேணா அழி. நெட்டச்சியோட இடது பக்கத்தை மட்டும் அழிச்சிராதம்மா."

அவர் போனதும் சின்னவள் காலுறையை மாட்டினாள். பெரியவள் கவனித்துக்கொண்டே இருந்தாள். வலது காலில் ஒன்று. அதே காலில் இன்னொன்று. பிறகு வெறும் இடது காலை எடுத்து ஷூவுக்குள் நுழைக்கப் போனாள்.

"சின்னவளே."

"ம்?"

"கால பாரு."

அவள் குனிந்து பார்த்தாள். "அட, வலது காலுக்கு இன்னைக்கு ரெட்டைச் சம்பளம்," என்றாள். பெரியவள் மண்டியிட்டு ஒன்றைக் கழற்றித் தங்கையின் இடது காலில் மாட்டினாள். இன்று தங்கை திரும்பினால்? போன வாரம் காது. காதுக்கும் கண்ணுக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி.

அப்போது அவள் மனதுக்குள் ஒரு கணக்கு வைத்துக்கொண்டாள். இன்று ஒருமுறை திரும்பினால் தற்செயல். இரண்டாவது முறை திரும்பினால் ஆட்டத்தை நிறுத்திவிட வேண்டும். அம்பயரிடம் போய், கை வலிக்கிறது, ஆட முடியாது என்று சொன்னால் போதும். யாரும் எந்த எண்ணையும் எடுத்துப் பார்க்க மாட்டார்கள்.

முதல் கேமை இருபத்தொன்றுக்குப் பதினேழு என்று வென்றார்கள். சின்னவளின் கைகள் தாமாகவே வேலை செய்தன. கை பழகிவிட்டால் தலை தேவையில்லையோ என்று பெரியவள் ஆறுதல்பட்டாள். இரண்டாவது கேமில் எதிரணி ஆட்டத்தை நீட்டத் தொடங்கியது. ஒவ்வொரு பாயிண்டுக்கும் நாற்பது அடி, ஐம்பது அடி. குட்டச்சி எதையும் கீழே விடவில்லை. அந்தக் கேம் பத்தொன்பது இருபத்தொன்று என்று போனது.

மூன்றாவது கேம். எட்டு ஒன்பது. ஷட்டில் உயரமாய், மெதுவாய்ப் பின்பக்கம் வந்தது. பெரியவள் இரண்டு எட்டு பின்னால் வைத்துத் துள்ளினாள். கை உச்சிக்குப் போனபோது, ராக்கெட்டுக்கும் வலைக்கும் நடுவே ஒரு முகம் தெரிந்தது.

முகம். முதுகு தெரிய வேண்டிய இடத்தில் முகம்.

அவள் மணிக்கட்டை மடக்கினாள். ஷட்டில் வலையில் விழுந்தது.

"என்னக்கா? ஷட்டில் கொலு பொம்மை மாதிரி மேல நின்னுச்சு. ஏன் அடிக்கல?"

"நீ திரும்பின."

"நானா?" சின்னவள் வியர்வையைத் துடைத்தாள். "உளறாத. நான் நெட்டச்சியத்தான பாத்துக்கிட்டிருந்தேன்."

அவள் பொய் சொல்லவில்லை. பொய் சொன்னால் அதட்டலாம். தெரியாதவளை என்ன செய்வது?

பதினோராவது பாயிண்டில் பக்கம் மாறும்போது ஒரு நிமிட இடைவேளை. பயிற்சியாளர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

"பெரியவளே, கைக்கு என்ன ஆச்சு? அடிக்க வேண்டியதத் தடவிக் குடுக்குற."

சொல்லலாம். இந்த நொடியில் சொல்லலாம். சொன்னால் டாக்டர் வருவார், டேப்லெட்டைத் திறப்பார், சின்னவளின் எண்கள் கத்தி மாதிரி மின்னும். அந்த எண்கள் யாருடைய விரலிலிருந்து வந்தன என்று அப்புறம் சொல்ல வேண்டியிருக்கும். டாக்டர் இரண்டு வரிசை தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"தோள் கொஞ்சம் இறுக்கிக்கிச்சு மாஸ்டர்."

"இன்னும் பத்து பாயிண்ட்டும்மா. அப்புறம் தோளக் கழட்டி அலமாரியில வச்சுக்க."

சின்னவள் சிரித்தாள். தண்ணீரைக் குடித்துவிட்டு மூடியைப் பாட்டிலில் மாட்டாமல் தன் பைக்குள் போட்டாள். பாட்டில் சாய்ந்து தரையில் தண்ணீர் ஓடியது. துடைப்பவர் ஓடி வந்தார்.

பதினான்கு பதினைந்து. இந்த முறை பெரியவளுக்கு மடக்க நேரம் கிடைக்கவில்லை. அடி கிளம்பிய பிறகுதான் தங்கையின் தலை திரும்புவதைப் பார்த்தாள். நரம்பில் பட்ட சத்தம் காதில் இருந்தது. அந்த ஒரு நொடியில் அவளால் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. ஷட்டில் சின்னவளின் புருவத்துக்கு மேலே, நெற்றி முடியைச் சிலிர்க்க வைத்துவிட்டு வலையைத் தாண்டி, இரண்டு எதிரிகளுக்கும் நடுவே தரையில் விழுந்தது.

பாயிண்ட். பதினைந்து பதினைந்து. அரங்கம் கைதட்டியது. சின்னவள் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிச் சிரித்தாள். நெற்றியில் விழுந்த முடியை ஏன் என்று தெரியாமலே ஒதுக்கிவிட்டுக்கொண்டாள்.

இரண்டாவது முறை. பெரியவள் அம்பயரைப் பார்த்தாள். உயரமான நாற்காலியில் அவர் அட்டையில் எதையோ குறித்துக்கொண்டிருந்தார். பத்தடி நடந்தால் போதும். கால் ஒரு எட்டு எடுத்து வைத்தது. அப்புறம் நின்றது. இன்னும் ஆறு பாயிண்ட். ஐந்து வாரம். பதினோரு ஆண்டு. நிறுத்திவிட்டால் இரவு தங்கை கேட்பாள், நான் திரும்பவே இல்லையே அக்கா, ஏன் நிறுத்தினாய் என்று. அதற்கு என்ன பதில்?

வேறு வழி ஒன்று அவளுக்குத் தோன்றியது. எளிமையான வழி. இதை முதலிலேயே யோசித்திருக்கலாமே என்றுகூட நினைத்தாள்.

"சின்னவளே, இங்க வா. சர்வீஸ் முடிஞ்சதும் நீ பின்னால போயிடு. நான் முன்னால வர்றேன்."

"என்ன விளையாட்டு இது? என் ஸ்மாஷு கொசு அடிக்கிற மாதிரி இருக்கும்."

"கொசு போதும்."

"மாஸ்டர் கத்துவாரு."

"கத்தட்டும். தோள் போயிருச்சு, சொன்னேன்ல."

பயிற்சியாளர் கத்தினார். ஆனால் எதிரணி குழம்பிப்போனது. மூன்று பாயிண்ட் தொடர்ந்து விழுந்தது. பதினெட்டுக்குப் பதினைந்து. பெரியவளுக்கு மூச்சு இறங்கியது. இனி திரும்பினாலும் தங்கைக்கு ஆபத்தில்லை. அவளுக்குப் பின்னால் அடிக்கிறவர்கள் யாரும் இல்லை, சுவர்தான் இருக்கிறது.

வலைக்குப் பக்கத்தில் நிற்பது இப்படி இருக்கும் என்று அவளுக்கு மறந்துபோயிருந்தது. பின்னால் நின்றால் எல்லாம் கண்முன்னே விரிந்திருக்கும். கோடுகள், எதிரிகள், கூட்டாளி. இங்கே பாதி உலகம் முதுகுக்குப் பின்னால். அங்கே நடப்பது சத்தமாக மட்டும் வந்து சேர்ந்தது. ஷூ தரையில் கீச்சிடுவது. மூச்சு. ராக்கெட் காற்றைக் கிழிப்பது. இரண்டு சத்தங்களுக்கு நடுவே இருந்த அமைதி, அதற்குமுன் அவள் அறியாத அளவு நீளமாக இருந்தது.

அந்த அமைதியில் அவளுக்கு அறுநூற்றுப் பதினான்காம் எண் கதவு தெரிந்தது. லிஃப்ட் பொத்தான்களைப் பார்த்து நின்ற தங்கை தெரிந்தாள். இப்போது பின்னால் அவள் என்ன செய்கிறாள்? சரியான இடத்தில்தான் நிற்கிறாளா? நிற்கிறாளா?

பதினெட்டு பதினேழு. பத்தொன்பது பதினெட்டு. எதிரணி குழப்பத்திலிருந்து மீண்டுவிட்டது. நெட்டச்சி இப்போது எல்லாவற்றையும் பின்னால், சின்னவளிடமே தூக்கிப் போட்டாள். ஒவ்வொரு முறையும் பெரியவள் பல்லைக் கடித்து, வலையின் மேலிருந்த வெள்ளைப் பட்டையை மட்டும் பார்த்தாள். பட்டையில் ஓரிடத்தில் தையல் விட்டிருந்தது. ஒரு நூல் தொங்கியது. நூலைப் பார், நூலைப் பார் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். கழுத்து நரம்புகள் விறைத்தன. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இங்கே வெளிச்சத்துக்குக் குறைவில்லை, கூரை முழுக்க விளக்கு. பேய் மட்டும் பின்னால் நின்றது.

பத்தொன்பது பத்தொன்பது. பத்தொன்பது இருபது.

கடைசிப் பாயிண்ட் முப்பது அடிக்கு மேல் நீண்டது. குட்டச்சி தவறிப்போய் ஷட்டிலை நடுவில், உயரமாய், அரைகுறையாய்த் தூக்கினாள். இதைவிட நல்ல வாய்ப்பு ஆட்டம் முழுவதும் வரவில்லை. கொசு அடிகூடப் போதும். பெரியவள் ராக்கெட்டை உயர்த்தி நூலைப் பார்த்தாள். பின்னால் இரண்டு காலடி. தரையை உதைத்துத் துள்ளும் சத்தம். மூச்சை இழுக்கும் சத்தம்.

அதன்பிறகு ஒன்றுமில்லை.

ஏதோ மெல்லிய பொருள் பலகைத் தரையில் விழும் சத்தம் கேட்டது. அம்பயர் எதிரணியின் பெயரைச் சொன்னார். வலைக்கு அப்பால் நெட்டச்சி மண்டியிட்டு அழுதாள், குட்டச்சி அவள் மேல் விழுந்தாள்.

சின்னவள் ராக்கெட்டைத் தொங்கவிட்டபடி நின்றிருந்தாள். ஷட்டில் அவளுடைய காலடியில் கிடந்தது.

"ஏன்டி அடிக்கல?" என்றாள் பெரியவள்.

"நீ திரும்பின."

"நானா? நான் நூலை..." அவள் வலையைக் காட்டினாள். "நான் இந்த நூலைத்தான பாத்துக்கிட்டிருந்தேன்."

"அக்கா, என்னை நேராப் பாத்த. ரெண்டு கண்ணும் இவ்வளவு பெருசா இருந்துச்சு. அடிச்சிருந்தா..." சின்னவள் ராக்கெட்டைத் தரையில் வைத்தாள். "நான் கூப்பிட்டேனா? எதுக்கு திரும்பின?"

பெரியவள் பதில் சொல்ல வாய் திறந்தாள். அதற்குள் அரங்கத்தின் பெரிய திரையில் கடைசிப் பாயிண்டை மெதுவாக ஓட்டிக் காட்டினார்கள். சின்னவள் துள்ளுகிறாள். கை மேலே போகிறது. வலைக்கருகே நிற்பவளின் தோள் அசைகிறது, கழுத்து அசைகிறது, முதுகு தெரிய வேண்டிய இடத்தில் ஒரு முகம் வருகிறது. யாரோ கூப்பிட்டது போலத் திரும்பிய முகம். அதில் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை. அது தன் முகம்தான் என்று புரிந்துகொள்ள அவளுக்குச் சில நொடிகள் ஆயின.

எதிரணிக்குக் கை கொடுத்தார்கள். பைகளை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்தில் நடந்தார்கள். பயிற்சியாளர் முன்னே போய்விட்டார். உலகப் போட்டி இல்லை என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பெரியவளுக்குப் பின்னால் தங்கையின் காலடி கேட்டது.

"நீ முன்னால போ," என்றாள்.

"ஏன்?"

"போடி, சொல்றேன்ல."

சின்னவள் முன்னால் போனாள். இருபதடி கடந்த பிறகு, "அக்கா, அப்போ நான் நெசமாவே திரும்பினேனா?" என்று, தலையைத் திருப்பாமல் கேட்டாள்.

"ரெண்டு தடவ. போன வாரம் ஒரு தடவ."

சின்னவளின் கை காதுக்குப் போனது. அங்கே கோடு இப்போது மங்கிவிட்டிருந்தது. அவள் அதைத் தடவிக்கொண்டே நடந்தாள்.

டாக்டர் ஜன்னல் இல்லாத அறையில் காத்திருந்தார். மடியில் டேப்லெட். "தோத்த அன்னைக்குச் சாயங்காலமும் புள்ளிக்கோலம் உண்டு," என்றார், குரலைத் தாழ்த்தி. "சின்னவளே, முதல்ல நீ."

பெரியவள் பையைக் கீழே வைத்தாள். "டாக்டர், நாலு நாளா அவளுக்கும் நான்தான் அமுக்கினேன்."

டாக்டர் திரையை விரலால் பின்னுக்குத் தள்ளிப் பழைய எண்களைப் பார்த்தார். இரண்டு வரிசையையும் சேர்த்துப் பார்த்தார். ஒரே விரல், எட்டு முறை. முதல் நாள் காலையிலிருந்து இன்று காலை வரை.

"சின்னவளோட எண்ணே என்கிட்ட இல்ல," என்றார் கடைசியில். "இருக்குறது முழுக்க உன்னோடது. நாளுக்கு நாள் கீழ இறங்கியிருக்கு. இன்னைக்குக் காலையில உன் பேருல இருக்குறத நான் பாத்திருந்தா..." அவர் நிறுத்திக்கொண்டார். "நீ ஆடியிருக்கவே கூடாது."

"நான் நல்லாத்தான் இருந்தேன் டாக்டர்."

"அப்படித்தான் இருக்கும்." அவர் டேப்லெட்டை நீட்டினார். "உக்காரு. நீயே முதல்ல செய்."

பெரியவள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். சின்னவள் எதிரே வந்து, அக்காவின் முகம் தெரியும்படி தரையில் சம்மணமிட்டு அமர்ந்தாள். குளிர்பெட்டி முனகிக்கொண்டிருந்தது. வெள்ளைத் திரை. ஒன்றுமில்லாத வெள்ளைத் திரை. பெரியவள் விரலை அதற்கு மேலே தூக்கிப் பிடித்துக் காத்திருந்தாள்.

புள்ளி தோன்றியது. பச்சையா சாம்பலா என்று அவள் பார்க்கப்போன நேரத்தில், விரல் ஏற்கெனவே கண்ணாடியின் மேல் இருந்தது.